பதவி உயர்வுக்கு அளவுகோல் பணிமூப்பா, திறமையா? சட்டமும் நடைமுறையும் சொல்வது என்ன?

புதுதில்லி: தேர்வில் ஒருவர் 200-க்கு 148.5 மதிப்பெண் பெற்றார். அதே தேர்வில் மற்றொருவர் பெற்றது 101 மதிப்பெண். ஆனால், பதவி உயர்வு கிடைத்தது 101 மதிப்பெண் பெற்றவருக்கு. அவர் பணியில் மூத்தவர் என்பதே அதற்குக் காரணம்.

குஜராத்தில் 2023-ஆம் ஆண்டு மாவட்ட நீதிபதி பதவி உயர்வு வழங்கப்பட்டபோது நேர்ந்த இந்த நிகழ்வு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தலைமைப் பொறுப்புக்கு ஒருவரைத் தேர்வு செய்யும்போது அவர் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கிட வேண்டுமா அல்லது அந்த ஆண்டுகளில் அவர் அடைந்த வளர்ச்சியை அளவிட வேண்டுமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. அரசு அலுவலகங்கள், வங்கிகள், ராணுவம், தனியார் நிறுவனங்கள் என அனைத்துப் பணியிடங்களிலும் எழும் கேள்வி இது.

இது குறித்து சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எவ்வாறு உள்ளது என்பதைப் பார்ப்போம்.

குஜராத் வழக்கு: ஒரே விதி, இரு முடிவுகள்

குஜராத் மாநில நீதித்துறைப் பணி விதிகளின்படி, மாவட்ட நீதிபதி பணியிடங்களில் 65 சதவீதம் முதுநிலை சிவில் நீதிபதிகளுக்குப் பதவி உயர்வு அளிப்பதன் மூலம் நிரப்பப்பட வேண்டும். தகுதிக்கு முதலிடமும் பணிமூப்புக்கு இரண்டாமிடமும் அளிக்கும் முறையில், தகுதிகாண் தேர்வு நடத்தி இதைச் செய்ய வேண்டும் என்பது விதி.

அதன்படி எழுத்துத் தேர்வு, ஆண்டு ரகசியக் குறிப்புகள், முடித்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கை, எழுதிய தீர்ப்புகளின் தரம் ஆகிய நான்கு பிரிவுகளில் மொத்தம் 200 மதிப்பெண்களுக்கு மதிப்பீடு நடைபெற்றது. ஒவ்வொரு பிரிவிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் பெற்றவர்கள் தேர்ச்சி பெற்றவர்களாகக் கருதப்பட்டனர். அவ்வாறு தேர்ச்சி பெற்றவர்களைப் பணிமூப்பு வரிசையில் நிறுத்தி, 68 பேருக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டது.

135.5 மற்றும் 148.5 மதிப்பெண் பெற்றும் பதவி உயர்வு கிடைக்காத இரு நீதித்துறை அதிகாரிகள் உச்சநீதிமன்றத்தை நாடினர். தகுதிக்கே முதலிடம் என்று விதி கூறும்போது, மதிப்பெண் வரிசையைப் புறக்கணித்தது தவறு என்பது அவர்களது வாதம்.

2023-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, சி.டி.ரவிகுமார் அமர்வு, இந்தப் பதவி உயர்வுகள் விதிக்கு முரணானவை எனக் கருதி இடைக்காலத் தடை விதித்தது. ஓராண்டுக்குப் பிறகு, 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. குறைந்தபட்சத் தகுதி உள்ளதா என்பதைக் கண்டறியவே தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது, ஒருவரையொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது கட்டாயமல்ல என்று அந்த அமர்வு கூறியது. அதேவேளையில், விதிகளைத் திருத்தி மேம்படுத்தலாம் எனவும் ஆலோசனை கூறியது.

பதவி உயர்வு பெறுவதை எந்த அரசு ஊழியரும் உரிமையாகக் கோர முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. பதவி உயர்வுக்கான அளவுகோலை அரசியல் சாசனம் வரையறுக்கவில்லை. பணியின் தன்மையைப் பொருத்து அதை வகுப்பது சட்டமன்றம் மற்றும் நிர்வாகத்தின் அதிகாரம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. விதிகளின்படி தகுதி உள்ளவர்களின் பெயரைப் பரிசீலிக்க வேண்டும் என்று கோரும் உரிமை மட்டுமே ஊழியருக்கு உண்டு.

இரு முறைகளுக்கும் என்ன வேறுபாடு?

அரசுப் பணி விதிகளில் இரு சொற்றொடர்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒன்று, 'பணிமூப்பு மற்றும் தகுதி'. மற்றொன்று, 'தகுதி மற்றும் பணிமூப்பு'. கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், எந்தச் சொல் முதலில் வருகிறது என்பதைப் பொருத்து பலரது பணி வாழ்க்கை மாறிவிடும்.

முதல் முறையில் நிர்வாகம் ஒரு குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்கும். அதை எட்டியவர்களில் யார் மூத்தவரோ அவருக்கே பதவி உயர்வு. அவரைவிட இளையவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். கிராம வங்கி அதிகாரிகளின் பதவி உயர்வு தொடர்பான பி.வி.சிவையா வழக்கில், 1998-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக வரையறுத்தது. தகுதியை மதிப்பிட மதிப்பெண் முறையை வங்கி பின்பற்றலாம். ஆனால், குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியவர்களை மீண்டும் மதிப்பெண் அடிப்படையில் வரிசைப்படுத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது முறையில் தகுதியும் திறமையுமே முதன்மை. இருவர் ஏறத்தாழ சமமான தகுதியுடன் இருந்தால் மட்டுமே பணிமூப்பு கணக்கில் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, 20 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் 60 மதிப்பெண்ணும், 12 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் 85 மதிப்பெண்ணும் பெறுவதாகக் கொள்வோம். தேர்ச்சி மதிப்பெண் 50 எனில், முதல் முறையில் 20 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும், இரண்டாவது முறையில் 12 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் பதவி கிடைக்கும். குஜராத் வழக்கில் விதியில் இருந்தது இரண்டாவது முறை. நடைமுறையில் அதன் விளைவு முதல் முறையைப் போலவே இருந்தது. அதுவே சர்ச்சைக்குக் காரணம்.

பணிமூப்பு முறை எப்படி வந்தது?

பணிமூப்புக்கு முன்னுரிமை அளிக்கும் வழக்கம் கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் வேரூன்றியது. 1793-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம், கம்பெனியின் சிவில் பணிகளில் இதற்குச் சட்ட வடிவம் அளித்தது. பரிந்துரை, உறவுமுறை, செல்வாக்கு ஆகியவற்றின் பேரில் பதவிகள் கைமாறிய காலத்தில், பணியில் சேர்ந்த தேதியை மட்டும் பார்ப்பது அந்தத் தலையீட்டுக்கு ஒரு தடையாக அமைந்தது.

ஆனால், அதன் பாதகமும் விரைவில் வெளிப்பட்டது. கம்பெனியின் வங்காளப் படையில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டதால், இந்திய வீரர்கள் சுபேதார் நிலையை எட்டும்போது முதுமை அடைந்திருந்தனர். ஆங்கிலேயத் தளபதிகள் பலரும் வயது முதிர்ந்தவர்களாகவே இருந்தனர். 1857-ஆம் ஆண்டு கிளர்ச்சிக்கு முந்தைய படையின் பலவீனங்களில் ஒன்றாக வரலாற்று ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுகின்றனர்.

பின்னர் வந்த 1861-ஆம் ஆண்டின் இந்திய சிவில் பணிச் சட்டத்தின் காலத்தில் பணிமூப்புடன் நேர்மையும் திறமையும் கருத்தில் கொள்ளப்பட்டன. அலுவலக அனுபவம் முக்கியமான பணிகளுக்குப் பணிமூப்பையும், உயர் பதவிகளுக்குத் தகுதியையும் அளவுகோலாகக் கொள்ளலாம் என முதலாவது மத்திய ஊதியக் குழு பரிந்துரைத்தது. இன்றைய நடைமுறையும் ஏறத்தாழ இந்தப் பாதையிலேயே செல்கிறது.

மத்திய அரசில் நடைமுறை என்ன?

மத்திய அரசுத் துறைகளில் பதவி உயர்வுக்கு உரியவர்களைத் துறைப் பதவி உயர்வுக் குழு பரிந்துரை செய்கிறது. அதற்கு முக்கிய ஆதாரம், ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுதோறும் எழுதப்படும் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. இதில் 10-க்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது. 8 முதல் 10 வரை பெற்றால் 'மிகச் சிறப்பு', 6 முதல் 8-க்குள் 'மிக நன்று', 4 முதல் 6-க்குள் 'நன்று' என வகைப்படுத்தப்படுகிறது.

முன்பு, தேர்வு முறையிலான பதவிகளில் 'மிகச் சிறப்பு' எனத் தரம் பெற்ற இளையவர், 'மிக நன்று' எனத் தரம் பெற்ற மூத்தவரை முந்திச் செல்ல முடிந்தது. 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி மத்திய பணியாளர் நலத் துறை வெளியிட்ட உத்தரவு இதை மாற்றியது. பதவிக்கு உரிய தரத்தை எட்டியவர் 'தகுதியானவர்', எட்டாதவர் 'தகுதியற்றவர்' என்ற இரு பிரிவுகள் மட்டுமே இனி இருக்கும். தகுதியானவர்களிடையே பணிமூப்பு வரிசை மாறாது என அந்த உத்தரவு கூறியது.

பெயரளவில் இது தேர்வு முறைதான். ஆனால், உரிய தரத்தை எட்டிவிட்டால் 6.1 மதிப்பெண் பெற்றவருக்கும் 9.5 மதிப்பெண் பெற்றவருக்கும் இடையே பதவி உயர்வில் எந்த வேறுபாடும் இல்லை. கூடுதலாக உழைத்துக் கற்றுக்கொள்பவருக்கு இந்த முறை என்ன ஊக்கம் அளிக்கிறது என்பது விமர்சகர்களின் கேள்வி. மேலதிகாரியின் விருப்பு வெறுப்பால் அரை மதிப்பெண் குறைந்து ஒருவர் பின்தள்ளப்படுவதை இது தடுக்கிறது என்பது ஆதரவாளர்களின் பதில்.

பதவி வேறு, ஊதிய உயர்வு வேறு என்ற அணுகுமுறையும் நடைமுறையில் உள்ளது. காலியிடம் இல்லாததால் பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கிவிடும் ஊழியர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகள் பணி நிறைவில் ஊதிய நிலையை உயர்த்தும் திட்டம் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் செயல்பாட்டில் உள்ளது. நீண்ட கால உழைப்புக்கு ஊதியத்தின் மூலம் மதிப்பளித்து, தலைமைப் பொறுப்பைத் தனியே தீர்மானிக்க இத்தகைய ஏற்பாடு வழிவகுக்கும்.

ராணுவத்திலும் இதைப் போன்ற எல்லைக்கோடு உண்டு. உரிய தேர்வுகளில் தேர்ச்சி பெறும் அதிகாரி 2 ஆண்டுகளில் கேப்டன், 6 ஆண்டுகளில் மேஜர், 13 ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் ஆகிறார். அதற்கு மேல் கர்னல் பதவிக்குத் தேர்வுக் குழுவின் பரிசீலனையைக் கடந்தாக வேண்டும். படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு தொடங்கும் இடத்தில், ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது என்பதே இதன் பொருள்.

ரகசியக் குறிப்பு: ஓர் அதிகாரியின் நீண்ட போராட்டம்

திறமையின் அடிப்படையில் பதவி உயர்வு என்றால், திறமையை அளவிடுவது யார், அந்த அளவீடு சம்பந்தப்பட்டவருக்குத் தெரியுமா என்ற கேள்விகள் எழுகின்றன. நீண்ட காலமாக இதற்குக் கிடைத்த பதில் 'தெரியாது' என்பதே.

எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கு இதற்குச் சான்று. கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து 'மிக நன்று' தரம் தேவை. அவருக்கு 1993-94-ஆம் ஆண்டில் மட்டும் 'நன்று' எனக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல் பதவி உயர்வைத் தடுத்தது. பாதகமான குறிப்புகளை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. 'நன்று' என்பது பாதகமான குறிப்பு அல்ல என்பதால், அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

2008-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்தத் தரமாக இருந்தாலும் அதை உரிய காலத்துக்குள் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால், அதற்குள் தேவ் தத் பணி ஓய்வு பெற்றுவிட்டார். அவரது தரம் உயர்த்தப்பட்டு, பதவி உயர்வுக்குத் தகுதியானவராகக் கருதப்பட்டாலும், ஓய்வூதியப் பலன் மட்டுமே கிடைக்கும் என்ற நிலை.

இந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2008-09-ஆம் ஆண்டு முதல் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும் என 2009-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு உத்தரவிட்டது. அனைத்துத் தரங்களையும் தெரிவிக்க வேண்டும் என்பதை 2013-ஆம் ஆண்டு சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது.

பணிமூப்பு கேடயமாக நின்ற இடங்கள்

திறமைக்கு முன்னுரிமை என்ற வாதம் எப்போதும் நல்ல நோக்கத்துக்காகவே முன்வைக்கப்படுவதில்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

1973-ஆம் ஆண்டு ஏப்ரலில், நீதிபதிகள் ஜே.எம்.ஷெலத், கே.எஸ்.ஹெக்டே, ஏ.என்.குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைப் புறந்தள்ளி, ஏ.என்.ரே உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததே அவர்கள் தவிர்க்கப்பட்டதற்குக் காரணம் என்று கடும் விமர்சனம் எழுந்தது. மூவரும் பதவி விலகினர். அவசரநிலைக் காலத்தில் தனிமனித உரிமைக்கு ஆதரவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எச்.ஆர்.கன்னா, 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் இதேபோலத் தவிர்க்கப்பட்டு, எம்.எச்.பெக் தலைமை நீதிபதியானார். அவரும் பதவி விலகினார்.

அதன் பிறகு, உச்சநீதிமன்றத்தின் மூத்த நீதிபதியே தலைமை நீதிபதியாக நியமிக்கப்படுவது மாறாத மரபாக உள்ளது. மூத்தவரே அனைவரிலும் சிறந்தவர் என்ற நம்பிக்கை இதற்குக் காரணம் அல்ல. பணியில் சேர்ந்த தேதியை எந்த அரசாலும் திருத்த முடியாது என்பதே இந்த மரபின் வலிமை.

ராணுவத் தலைமைத் தளபதி நியமனத்தில் இறுதி முடிவு அரசிடமே உள்ளது. 1983-ஆம் ஆண்டு மூத்த அதிகாரி எஸ்.கே.சின்ஹாவைத் தவிர்த்து ஏ.எஸ்.வைத்யாவும், 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரவீண் பக்ஷி, பி.எம்.ஹாரிஸ் ஆகிய இரு மூத்த அதிகாரிகளைத் தவிர்த்து விபின் ராவத்தும் தேர்வு செய்யப்பட்டனர். இரு முறையும் அரசியல் அரங்கில் விவாதம் எழுந்தது.

மாநிலக் காவல்துறைத் தலைவர் நியமனத்தில் உச்சநீதிமன்றம் இடைப்பட்ட வழியைக் காட்டியது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி அளித்த தீர்ப்பின்படி, மூத்த அதிகாரிகளில் மூவரைப் பணிக்காலம், பணித்திறன், அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் மத்திய பணியாளர் தேர்வாணையம் பட்டியலிட வேண்டும். அதிலிருந்து ஒருவரை மாநில அரசு தேர்வு செய்ய வேண்டும். அரசின் விருப்பத்துக்கு எல்லை வகுத்து, தகுதிக்கும் இடமளிக்கும் முயற்சி இது.

அளவுகோலே பிழையானால்?

மதிப்பெண் அடிப்படையிலான தேர்வு என்பதால் மட்டும் அது நியாயமானதாகிவிடாது என்பதை ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கு உணர்த்தியது.

பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் செயல்படுத்த ராணுவம் வகுத்த மதிப்பீட்டு முறையில் பலர் தேர்வாகவில்லை. அவர்கள் தொடுத்த நிதிஷா வழக்கில் 2021-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி தீர்ப்பு வெளியானது.

பெண்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பே இல்லாத காலத்தில் அவர்களது ரகசியக் குறிப்புகள் உரிய அக்கறையின்றி எழுதப்பட்டன. பிற்காலத்தில் அவர்கள் பெற்ற விருதுகளும் சாதனைகளும் கணக்கில் கொள்ளப்படவில்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அனைவருக்கும் பொதுவானதுபோலத் தோன்றும் அளவுகோல், ஒரு தரப்பினரை மட்டும் பாதித்தால் அது மறைமுகப் பாகுபாடு என்றும் தீர்ப்பளித்தது. வளர வாய்ப்பு அளிக்காமல் வளர்ச்சியை அளவிடுவது நீதியாகாது என்பதே இதன் உட்பொருள்.

இடஒதுக்கீட்டிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. தலைமுறைகளாக வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் பணிக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்ததால், பணிமூப்புப் பட்டியலில் அவர்கள் பின்வரிசையிலேயே இருந்தனர். 1995-ஆம் ஆண்டு 77-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பதவி உயர்வில் இடஒதுக்கீடு அளிக்க வழிசெய்தது. 2001-ஆம் ஆண்டு 85-ஆவது திருத்தம் அவ்வாறு பதவி உயர்வு பெற்றவர்களின் பணிமூப்பையும் பாதுகாத்தது. நிர்வாகத் திறன் என்பதைச் சமூகத்தின் பன்முகத்தன்மையைப் பிரதிபலிக்கும் வகையில் புரிந்துகொள்ள வேண்டும் என, கர்நாடக அரசின் சட்டம் தொடர்பான வழக்கில் 2019-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூறியது குறிப்பிடத்தக்கது.

தனியார் துறையில் சிக்கல் வேறு

தனியார் நிறுவனங்களில் பணிமூப்புக்குச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. அங்கு நிகழும் தவறு வேறு வகையானது. தற்போதைய பணியில் சிறப்பாகச் செயல்படுபவரை, அடுத்த பணிக்கும் பொருத்தமானவர் எனக் கருதிவிடுவதே அது. இவ்வாறு பதவி உயர்வு பெற்றுக்கொண்டே செல்பவர், இறுதியில் தம்மால் திறம்படச் செய்ய முடியாத பதவியில் நிலைகொண்டுவிடுவார் என 1969-ஆம் ஆண்டு வெளியான நூலில் லாரன்ஸ் பீட்டர் விளக்கினார். இது 'பீட்டர் கோட்பாடு' என அழைக்கப்படுகிறது.

இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ ஆகியோர் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். அமெரிக்காவில் 214 நிறுவனங்களைச் சேர்ந்த 53,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பணியாளர்களின் தரவுகள் அதில் ஆராயப்பட்டன. அதிக விற்பனை செய்தவர்களே மேலாளர்களாக உயர்த்தப்பட்டனர். ஆனால், அவர்களின் கீழ் பணியாற்றியவர்களின் செயல்திறன் குறைந்தது. மாறாக, சக பணியாளர்களுடன் இணைந்து விற்பனை செய்த அனுபவம் உள்ளவர்கள் சிறந்த மேலாளர்களாக விளங்கினர்.

தலைமைக்குத் தேவையான வளர்ச்சி என்பது தனிநபர் சாதனை மட்டுமல்ல. பிறரை வளர்க்கும் திறனும் அதில் அடங்கும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

நீண்ட பணிக்காலமும் வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. டாடா சன்ஸ் தலைவர் என்.சந்திரசேகரன் 1987-ஆம் ஆண்டு டிசிஎஸ் நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, பல பொறுப்புகளை வகித்த பின், 2009-ஆம் ஆண்டு அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். ஒரே நிறுவனத்தில் கழிந்த அந்த 22 ஆண்டுகளும் அவரது வளர்ச்சியின் பகுதியாகவே அமைந்தன.

புதிய முயற்சிகளும் எதிர்ப்பும்

மத்திய அரசின் உயர் பதவிகளில் துறைசார் நிபுணர்களை வெளியிலிருந்து நேரடியாக நியமிக்கும் முறை 2018-ஆம் ஆண்டு தொடங்கியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி 45 பணியிடங்களுக்கு வெளியான அறிவிப்பு, இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பைத் தொடர்ந்து மூன்று நாள்களில் திரும்பப் பெறப்பட்டது.

இணைச் செயலர் உள்ளிட்ட பதவிகளுக்கான தகுதிப் பட்டியலைத் தயாரிக்க, ஓர் அதிகாரியின் மேலதிகாரிகள், சக அதிகாரிகள், கீழ்நிலை அதிகாரிகள் எனப் பல தரப்பினரிடம் கருத்துக் கேட்கும் முறையும் பின்பற்றப்படுகிறது. இந்த முறை வெளிப்படைத்தன்மை அற்றது என நாடாளுமன்ற நிலைக்குழு 2017-ஆம் ஆண்டு விமர்சித்தது.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'மிஷன் கர்மயோகி' திட்டம், பணிக்காலம் முழுவதும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இணையவழியில் அளிக்கிறது. விதிகளின் அடிப்படையிலான நிர்வாகத்திலிருந்து, வகிக்கும் பொறுப்புக்குத் தேவையான திறன்களின் அடிப்படையிலான நிர்வாகத்துக்கு மாறுவதே இதன் நோக்கம். ஆனால், பயிற்சி வகுப்பை முடித்ததற்கான சான்றிதழ் மட்டுமே வளர்ச்சிக்கான சான்று ஆகிவிடுமா என்பது இனிவரும் ஆண்டுகளில் விடை காண வேண்டிய கேள்வி.

நடுவழி ஒன்று உண்டா?

நீதித்துறையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உள்ளது. மாவட்ட நீதிபதி பணியிடங்களில் ஒரு பகுதி வழக்குரைஞர்களிடமிருந்து நேரடியாகவும், ஒரு பகுதி வழக்கமான பதவி உயர்வு மூலமும், ஒரு பகுதி பணியில் உள்ளவர்களுக்கான துறைப் போட்டித் தேர்வு மூலமும் நிரப்பப்படுகின்றன. மூன்றாவது வழி, காத்திருக்க விரும்பாத திறமையாளர்களுக்கானது.

போதிய எண்ணிக்கையில் தேர்ச்சி பெறாததால் 2010-ஆம் ஆண்டு 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இந்தப் போட்டித் தேர்வுப் பங்கை, 2025-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மீண்டும் 25 சதவீதமாக உயர்த்தியது. முதுநிலை சிவில் நீதிபதியாகப் பணியாற்றியிருக்க வேண்டிய காலமும் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகளிலும் பணிமூப்பு வழி, தேர்வு வழி என இரு பாதைகளில் பதவி உயர்வு வழங்கும் முறை உள்ளது.

இந்த ஏற்பாட்டில் மூத்தவருக்கு உரிய இடம் பறிக்கப்படுவதில்லை. இளையவருக்குக் கதவு மூடப்படுவதும் இல்லை. விதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. மதிப்பெண் வெளிப்படையாக உள்ளது. தவறு நேர்ந்தால் முறையிட வழி உண்டு.

இதுவரையிலான வழக்குகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஊழியர்கள் பணிமூப்பைப் பற்றிக்கொள்வது, அது சிறந்த அளவுகோல் என்பதால் அல்ல. யாராலும் மறைக்கவோ மாற்றவோ முடியாத அளவுகோல் என்பதால்தான். திறமையையும் வளர்ச்சியையும் அளவிடும் முறை அதே அளவுக்கு நம்பகமானதாக அமையும் வரை, பணிமூப்பு தனது இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது.

மத்திய அரசு ஊழியர்கள் கவனத்துக்கு

* மேலதிகாரியும் மதிப்பாய்வு அதிகாரியும் எழுதிய முழு மதிப்பீட்டு அறிக்கையையும் பார்க்க ஊழியருக்கு உரிமை உண்டு. பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அதைக் காட்டாமல் இருக்க முடியாது.

* அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 'நன்று' என்ற தரமும் பதவி உயர்வைப் பாதிக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

* தமது பதவிக்குரிய பணி நியமன விதிகளில் 'பணிமூப்பு' முதலில் உள்ளதா, 'தகுதி' முதலில் உள்ளதா என்பதையும், எட்ட வேண்டிய தரம் எது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

* பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 10, 20, 30 ஆண்டுப் பணி நிறைவில் ஊதிய நிலை உயர்வு பெற வாய்ப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் இதற்கும் 'மிக நன்று' தரம் தேவை.